பெரணி இலையில் சேரும் உலோகம்

தழைச்சத்து, மணிச்சத்தைச் செடி மண்ணிலிருந்து எடுப்பது நீங்கள் அறிந்ததுதான். சில செடிகள் தமக்கு வேண்டாத உலோகத்தையும் இழுத்து இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

லாந்தனம், சீரியம், நியோடிமியம் என்று ஒரு கூட்டம். அருமண் உலோகங்கள் என்பார்கள். நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறதே, அதில் இவை உண்டு. பேர்தான் அப்படி, பூமியில் செம்பு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு சீரியமும் இருக்கிறது. ஒரே இடத்தில் திரண்டு கிடைப்பதுதான் அபூர்வம்.

1930-களில் அமெரிக்க வேளாண் துறையில் ராபின்சன் என்ற வேதியியலாளர் ஹிக்கரி மரத்து இலைகளைச் சோதித்தார். காய்ந்த இலை ஒரு கிலோவில் 2 கிராம் வரை இந்த உலோகம்! மற்ற மரங்களில் மில்லிகிராம் கணக்குதான்.

அடுத்து தெற்குச் சீனாவுக்கு வாருங்கள். ஜியாங்சி மாகாணத்துச் செம்மண் குன்றுகளில், களிமண்ணோடு ஒட்டிக்கிடந்த அருமண் உலோகத்தை 1969-ல் கண்டுபிடித்தார்கள். பிரித்தெடுத்த விதம் உங்களுக்குச் சட்டென்று புரியும். நாம் பயிருக்குப் போடுகிற அதே அமோனியம் சல்பேட்டைக் கரைத்து மண்ணில் ஊற்றினார்கள். அமோனியம் போய் களிமண்ணில் ஒட்டிக்கொள்ள, உலோகம் பிடி விட்டுத் தண்ணீரோடு வந்துவிடும். ஆனால் அதற்காகக் குன்றின் மேல்மண்ணை வழித்தெடுத்து, சக்கை மண்ணை மலைமலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அந்த மண் சரிந்து ஓடைக்கும் வயலுக்கும் வந்தது. தண்ணீரில் அமோனியா கலந்தது. லாபம் ஒருவருக்கு, சேறு இன்னொருவருக்கு!

அந்த மொட்டை மண்ணிலும் ஒரு பெரணி தழைத்தது. ஊட்டி, கொடைக்கானல் பாதையோரச் சரிவில் கவட்டை கவட்டையாகக் கிளைத்துப் புதராகக் கிடக்குமே, அதே இனம். சோதித்ததில் காய்ந்த இலை கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் தேறியது. அந்த உலோகத்தைப் பச்சையம் வேலை செய்கிற இடத்தில் சேரவிடாமல், இலையின் மேல்தோலிலும் கருகின திட்டுகளிலும் சிலிக்காவோடு ஒதுக்கிவிடுகிறது. கெட்டிக்காரச் செடி! 2025-ல் வேறொரு பெரணியின் இலைக்குள் மோனசைட்டே நுண்ணிய மணிகளாக உருவாகியிருப்பதைச் சீன விஞ்ஞானிகள் கண்டார்கள்.

"அப்படின்னா பெரணியையே பயிர் பண்ணலாமே" என்று கேட்பீர்கள். டன் சருகுக்கு 2, 3 கிலோதான். அதுவும் உலோகம் உள்ள மண்ணில். நம் தோட்டத்தில் நட்டால் வெறும் தழைதான் மிஞ்சும். கெட்டுப்போன நிலத்தைத் தேற்றத்தான் இது உதவும் என்பது என் எண்ணம். அங்கேயும் இலையை அறுத்து அப்புறப்படுத்தியாக வேண்டும். உதிரவிட்டால் மக்கி, உலோகம் பழையபடி அதே மண்ணுக்குப் போய்விடும்.