ஒரு புள்ளிக்கு 194 புள்ளிகள்

அஞ்சலி பேனரில் சிரிக்கும் முகம் எங்கிருந்து வந்தது என்று சாலையில் போகிறவர்கள் கேட்பதில்லை. மதுரையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்து பிழைக்கிற எனக்கு அந்தக் கேள்விதான் தொழிலே. கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்தில் நின்ற முகம், வாக்காளர் அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்த முகம், நாலு கை மாறி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த முகம். அதைத்தான் பத்தடிக்கு எட்டடியாக விரிக்கிறோம். படத்தில் இல்லாததை யாராவது நிரப்பியாக வேண்டும். யார் நிரப்பினார்கள், எதை வைத்து நிரப்பினார்கள் என்று பார்த்தால் இந்தத் தொழிலின் கதை முழுவதும் வந்துவிடும்.

நான் தொழிலுக்கு வந்தபோது நிரப்பியது ஓவியரின் ஞாபகம். தங்கம், சென்ட்ரல் என்று தியேட்டர் முகப்புகளுக்கெல்லாம் துணியில் பேனர் எழுதிய காலம் அது. சினிமா கம்பெனி அனுப்பும் ஸ்டில்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுவோம்; துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். சேலை மடிப்பு, குதிரை, பின்னால் தெரியும் மலை எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக மாற்றுவது பையன்களின் வேலை. முகத்தில் மாஸ்டர் மட்டும்தான் கை வைப்பார். ஸ்டில்லில் கண் எள்ளளவுதான் இருக்கும். ஆனால் எம்.ஜி.ஆரின் நாடிக்குழி எவ்வளவு ஆழம், சிவாஜிக்கு எந்தக் கோபத்தில் புருவம் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஸ்டில் ஒரு சாக்குதான்.

சாதாரண மனிதர்களின் முகத்தை அப்படி மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் யார்? அந்த வேலையை ஸ்டூடியோக்காரர்கள் பார்த்தார்கள். பழைய படத்தைக் காப்பி நெகட்டிவ் எடுத்து, புரோமைடு தாளில் பெரிதாக்கினால் முகம் வெளுத்துக் கலங்கி நிற்கும். டச்சிங் ஆர்ட்டிஸ்ட் அதன் மேல் மெல்லிய பிரஷ்ஷும் ஏர்பிரஷ்ஷும் வைத்து உட்கார்வார். வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்: மச்சம் எந்தப் பக்கம், மூக்குத்தி ஒன்றா இரண்டா, வகிடு நேரா கோணலா. உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காதவரை, இறந்தபின் நாற்காலியில் சாய்த்து எடுத்த படம் வரும். மூடிய கண்களைத் திறந்த கண்களாக வரைந்து கொடுப்பார்கள். அது பித்தலாட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்டு, விசாரித்து, தெரிந்தவர் தலையாட்டிய பிறகு வைத்த கண் அது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் வந்தது. பத்தடிக்கு மேல் அகலமுள்ள சீன மெஷின்கள், சால்வென்ட் மை, மூக்கைத் துளைக்கும் வாடை. நாலு நாள் சாரத்தில் நின்று எழுதிய பேனரை மெஷின் ஒரு மணி நேரத்துக்குள் துப்பியது. கை ஓவியர்களில் சிலர் வெள்ளையடிக்கப் போனார்கள், சிலர் பெயர்ப் பலகையோடு நின்றுகொண்டார்கள், என்னைப் போன்ற சிலர் ஃபோட்டோஷாப்பின் முன் உட்கார்ந்தோம். அதே காலத்தில்தான் போனில் கேமரா வந்தது. 2003-இல் வந்த நோக்கியா 6600 எடுக்கும் படம் 640-க்கு 480, அதாவது சுமார் 3 லட்சம் புள்ளிகள். பத்துக்கு எட்டு பேனரை அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்துச் செய்தால் 8,640-க்கு 6,912, கிட்டத்தட்ட 6 கோடி புள்ளிகள். படத்தில் இருக்கும் ஒரு புள்ளிக்கு பேனரில் 194 புள்ளிகள். அந்த ஒன்றுதான் கேமரா பார்த்தது. மற்றதெல்லாம் நாம் சேர்ப்பது.

அந்த இடத்தை முதலில் கணக்கு நிரப்பியது. ஃபோட்டோஷாப்பில் பைக்யூபிக் என்று வரும் முறை, சுற்றியுள்ள 16 புள்ளிகளைப் பார்த்து நடுவில் என்ன நிறம் இருக்கலாம் என்று கணிக்கும். ராபர்ட் கீஸ் 1981-இல் இந்தக் கணக்கை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். நேர்மையான கணக்கு, பக்கத்தில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவராது. அதனாலேயே முகம் மழுங்கும். படத்தை ஒரேயடியாகப் பெரிதாக்காமல் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றினால் தெளிவு கூடும் என்று கடைகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. 2003-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்ஸோடு பைக்யூபிக் ஸ்மூதர் வந்தபிறகு அதற்கு அவசியமே இல்லாமல் போனது. ஆனாலும் பலர் விடவில்லை.

எங்களைக் காப்பாற்றியது தூரம். கூரிய கண்ணுக்குப் பத்து மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை தனித்தனியாகத் தெரியாது. நோக்கியா படத்தைப் பத்தடி அகலத்துக்கு இழுத்தால் ஒரு புள்ளி 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலைக்கு எதிர்ப்புறம், ஐம்பத்தைந்து அடி தள்ளி நிற்பவருக்கு அது சுத்தமான படம். ஆனால் அந்தத் தூரம் நிலைக்கவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். சாலையை மறித்து பேனர் கட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. அதற்குப் பிறகு எங்களிடம் வரும் அஞ்சலி பேனர்கள் சிறிதாகி, வீட்டு வாசலோடு ஒட்டிக்கொண்டன. நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். தூரம் தந்த சலுகை போய்விட்டது.

போன் கேமரா வளர்ந்த பிறகு சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 1,280 புள்ளி அகலத்தில் முப்பது பேர் நிற்கும் படத்தில் ஓர் ஆத்தாவின் முகம் 60 புள்ளிதான் தேறும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், அந்த முகத்தின் குறுக்கே ஏழெட்டுக் கட்டங்கள்தான். பெரிதாக்கினால் கன்னத்தில் கட்டம் கட்டமாகப் படியும். முதலில் அந்த விளிம்புகளைக் கரைக்க வேண்டும். பிறகு இமைக்கோடு, உதடு, முடியின் ஓரம் இவற்றை மட்டும் பிரஷ்ஷால் இழுக்க வேண்டும். கடைசியில் முகம் முழுக்க மெல்லிய நாய்ஸ் தூவினால் கண் ஒப்புக்கொள்ளும். தோல் மெழுகாக இருந்தால் ஒப்புக்கொள்ளாது.

ஏன் எப்போதும் ஆத்தாக்கள் ஓரத்திலேயே நிற்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். ஆண்களுக்குத் தனியாக எடுத்த படம் ஏதாவது ஒன்று கிடைக்கும்: கட்சி அட்டை, லைசென்ஸ், கோயில் கமிட்டி. அந்த வயதுப் பெண்களில் பலருக்கு அடையாள அட்டைக்காக அவசரத்தில் எடுத்ததைத் தவிர தனிப்படமே இல்லை.

இப்போது நிரப்புவது ஏஐ. முகத்தைச் சீராக்க ஜிஎஃப்பிகேன் என்ற மென்பொருள் 2021-இல் டென்சென்ட் ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்தது. அது பழகியது ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களில். 60 புள்ளி முகத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் இமை முடி எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் தரும். பார்த்த மாத்திரத்தில் மலைத்துப் போனேன். பிறகு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இது எங்க அப்பத்தா இல்லண்ணே. அதுக்குக் கன்னமெல்லாம் அம்மத் தழும்புண்ணே.”

பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975-இல். அதற்கு முன் பிறந்தவர்களிடம்தான் அந்தத் தழும்பு இருக்கும். அந்தப் பழைய முகங்கள் மென்பொருளுக்குப் பழக்கமில்லை. தழும்பைப் படத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடுகிறது. இரட்டை மூக்குத்தியில் ஒன்றை மறைக்கிறது. தண்டட்டி போட்டு இழுத்துத் தொங்கிய காதை என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தோடு குழப்பிவிடுகிறது. விழுந்த பல்லுக்குப் பல் வைக்கிறது. தெளிவு வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் முகத்தை மாலைக்கு நடுவே வைக்க முடியாது.

அன்று அந்தத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஏஐ தந்த படத்தை மேல் லேயரில் வைத்து, முடிக்கும் சேலைக்கும் மட்டும் அதை விட்டேன். கண்ணில் முப்பது சதவீதம். கன்னத்தில் சுத்தமாக அழித்து, கீழே இருந்த மங்கலான பழைய படத்தையே வெளியே விட்டேன். பிறகு அவன் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் சின்னச் சின்னக் குழிகளாக நிழல் போட்டோம். அவனுக்குத் தெரியாததை ஊரிலிருந்த அத்தைக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டான். மூக்கோரத்தில் நெருக்கம், நெற்றியில் கிடையாது என்றார் அத்தை.

இப்போது கடையில் அஞ்சலி ஆர்டர் எடுக்கும் பையனிடம் மூன்று விஷயம் சொல்லி வைத்திருக்கிறேன். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். பழைய அச்சுப் படம் இருந்தால் போனில் எடுத்து அனுப்பாமல் நேரில் கொண்டுவரச் சொல்ல வேண்டும், ஸ்கேன் செய்துகொள்வோம். வருகிறவர்களில் இறந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். மெஷினுக்கு ஃபைலை அனுப்புவதற்கு முன் அவர் திரையில் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், விடிகாலை மூன்று மணியானாலும்.