உப்பு விற்றவர்கள் 'குற்றப் பரம்பரை' ஆன கதை

சென்னையில இருந்து பாண்டிச்சேரிக்கு ஈசிஆர்ல போயிருப்பீங்க. மரக்காணம் வந்ததும் ரோட்டோரமா பாத்தி பாத்தியா தண்ணி, வரப்பு மேல வெள்ளை வெள்ளையா குவியல். ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவோம். இன்னைக்கு எபிசோட் அந்த உப்பைப் பற்றித்தான். இன்னும் சரியா சொன்னா, உப்பை ஊர் ஊரா சுமந்துட்டுப் போனவங்களைப் பற்றி.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. சங்கப் பாடல்களில் உமணர்கள் வண்டி கட்டி உப்பு கொண்டு போகிறார்கள், உப்புக்கு நெல்லை மாற்றிக்கொள்கிறார்கள். ஆக, கடற்கரையில விளையுற உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு போறது ரொம்பப் பழைய தொழில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் குறவர்கள். கிழக்குக் கரை உப்பளங்களில் உப்பை வாங்கி, மாட்டு மேலயும் கழுதை மேலயும் ஏற்றி, குடும்பத்தோட நடந்து உள்ளூர்களுக்குப் போவாங்க. திரும்பி வரும்போது தானியம் கொண்டு வருவாங்க. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் குறவர்களின் உட்பிரிவுகளைப் பாருங்க: உப்புக் குறவர், கறிவேப்பிலைக் குறவர். விற்கிற பொருள்தான் அவங்க பேரு.

அந்தத் தொழில் எப்படிப் போச்சு? ஒரே நாளில் போகலை. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனி அரசின் ஏகபோகம் ஆனது. 1856-ல் ராயபுரத்தில் இருந்து ரயில் ஓடத் தொடங்கியது. மொத்த உப்பை ரயிலும் வண்டியும் கொண்டு போனா, கழுதைக்கு என்ன வேலை? இந்தப் பக்கம், ஆந்திரக் கரையில் தொடங்கி மரக்காணம் வரைக்கும் நீளும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் படகுகளில் உப்பு போனது. காட்டுச் சட்டங்கள் வந்து மேய்ச்சலையும் மூங்கில் வெட்டுவதையும் தடுத்தன. கூடை முடைஞ்சு பிழைக்கிற வழியும் சுருங்கிடுச்சு. இதுக்கு நடுவுல 1876-78 பெரும் பஞ்சம்.

வரலாற்று ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இந்தச் சமூகத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 2001-ல் வந்தது. உப்புக் கொள்கையும் ரயிலும் இவர்களின் பிழைப்பை எப்படி அழித்தன என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். அதாவது, முதலில் வேலை போனது. முத்திரை விழுந்தது அதுக்கப்புறம்தான்.

1892-லேயே சென்னை மாகாணக் 'குற்ற வகுப்பினர்' பற்றி முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி புத்தகம் போட்டார். குறவர்கள் அதில் இருக்காங்க. வட இந்தியாவில் 1871-ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம ஊரில் அதுக்கு 'ரேகைச் சட்டம்'னு பேரு. கைரேகை பதியணும். சொன்ன நேரத்துக்கு ஆஜராகணும். ஊரை விட்டுப் போக அனுமதி வாங்கணும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஊர் ஊரா நடந்ததாலதான் உப்பு ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்தது. அதே நடையை, அதே ஆட்களை, சட்டம் சந்தேகத்துக்கான காரணமா மாத்திடுச்சு. தனிப்பட்ட ஒருத்தர் என்ன செஞ்சார்னு யாரும் கேட்கலை. எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

அடுத்து 'திருத்துறோம்'னு குடியிருப்புகள் போட்டாங்க. இன்றைய ஆந்திராவில் ஸ்டூவர்ட்புரத்தைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. தமிழ்க் குறவர்களின் உறவுச் சமூகமான எருகலர்கள் அங்கே அடைக்கப்பட்டு, சீராலா புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலையாட்கள் ஆனார்கள். மரக்காணம் இருந்த அதே தென்னாற்காடு மாவட்டத்திலும் அஜீஸ் நகர் என்ற குடியிருப்பு இருந்தது. சொந்தமா வியாபாரம் செஞ்சவங்க, வாசலைத் தாண்டவே அனுமதி கேட்கிற கூலிகளா ஆனாங்க.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுக்க 1952-ல். ஆனா சட்டப் புத்தகத்துல இருந்து போனது, போலீஸ்காரர் மனசுல இருந்து போகலை. 'ஜெய் பீம்' படம் பார்த்திருப்பீங்க. 1993-ல் பழைய தென்னாற்காட்டின் முதனை கிராமத்தில் நடந்த உண்மைச் சம்பவம்தான் அதற்கு அடிப்படை. படத்தில் இருளர் என்று காட்டப்பட்டவர், உண்மையில் குறவர். ஒரு திருட்டுப் புகாருக்காகப் பிடித்துப் போனார்கள், காவலில் இறந்தார். போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2006-ல்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு விஷயம் சொன்னது: சிறையில் சாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போல நடத்தும் விதிகளும் செல்லாது. சட்டம் நீங்கி எழுபது வருஷத்துக்கு அப்புறமும் இதைத் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வாடகைக்கு வீடு கொடுக்கும்போது, ஆபீஸ்ல ஒரு பர்ஸ் காணாமப் போகும்போது, 'அந்த ஆளுங்க அப்படித்தான்'னு ஒரு குரல் வரும். அது எந்தச் சமூகத்தைப் பற்றியும் இருக்கலாம். அப்போ ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: இதுக்கு முன்னாடி இவங்க என்ன வேலை செஞ்சாங்க, அதை யார் எடுத்துக்கிட்டா?

அடுத்த முறை மரக்காணத்துல வண்டியை நிறுத்தினா, போட்டோ எடுங்க. அங்க இருந்து உள்ளூருக்கு நடந்து போனவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.