செப்புத் திருமேனியும் வார்ப்பிரும்பும்

திருவிழா நாளில் பெருமான் வீதிவலம் எழுந்தருளுங்கால், சீர்பாதந் தாங்குவார் தோளில் திருமேனி குலுங்குகின்றது. தேரடி மூலையில் திரும்பும்பொழுது அதிர்கின்றது. நெஞ்சுருகி நிற்கும் நாம், அத்திருமேனியைச் செம்பின் கலவையால் வார்த்தது ஏன், இரும்பால் வார்க்காதது ஏன் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இரும்பை அறியாமையால் அன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் ஒருங்கே கிடைத்துள்ளன. ஆயினும் நம் கொல்லர் இரும்பைப் பெரும்பாலும் காய்ச்சி அடித்தே உருவாக்கினர். அதனை உருக்கி அச்சில் வார்க்கும் தொழிலை முதலில் வளர்த்தவர் சீனர். அந்நாட்டுச் சாங்சௌ நகரில் கி.பி. 953இல் வார்த்த இரும்புச் சிங்கம் ஒன்று உண்டு. 5 மீட்டருக்கு மேல் உயரமுடையது. அவ்வாண்டில் சோழநாட்டை ஆண்டவர், தில்லைப் பெருமான்மீது திருவிசைப்பா பாடிய கண்டராதித்தர். அவர் தேவியார் செம்பியன் மாதேவியார் காலத்தே செப்புத் திருமேனிக் கலை தழைத்தது.

தூய இரும்பு உருக 1,538 பாகை வெப்பம் வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்களவு கரி சேர்ந்தால் 1,150 பாகை அளவிலேயே உருகி ஓடும், அதுவே வார்ப்பிரும்பு. செம்பு 1,085 பாகையில் உருகும். வெள்ளீயமும் காரீயமும் கலப்பின் இன்னும் குறையும். வெப்பத்தில் வேற்றுமை பெரிதன்று. வேற்றுமை இயல்பில் உள்ளது. சாதாரண வார்ப்பிரும்பினுள் கரி மெல்லிய செதில்களாய்ப் பரந்து கிடக்கும். மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது நன்கு தாங்கும். பழைய இரயில் நிலையத் தூண்களே சான்று. அதனை இகழ்வது நம் கருத்தன்று. ஆனால் இழுத்தாலும் அதிர்ந்தாலும் அச்செதில்களின் வழியே விரிசல் ஓடிப் பிளந்துவிடும். கூத்தப்பிரானின் தூக்கிய திருவடியையும், வெளியில் விரிந்த சடையையும் எண்ணுங்கள்! செப்புக் கலவையோ அதிர்ச்சியைப் பொறுக்கும். சற்றே வளையுமன்றி எளிதில் உடையாது. வார்த்தபின் சிற்பியின் உளிக்கும் இணங்கும். ஐம்பொன் என்று நாம் வழங்கினும், சோதித்தோர் கண்டது பெரும்பகுதி செம்பே. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளும் செப்பு என்றே கூறும்.

இனித் துருவைக் காண்போம். இரும்பின் துரு பொறுக்காய் உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய துரு பற்றும். சாங்சௌச் சிங்கம் பல இடங்களிற் சிதைந்து, முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றது. செம்பிற் படிவது களிம்பு. ஆணவ மலத்துக்கு உவமையாகச் சித்தாந்தம் எடுத்தாளும் அக்களிம்பேதான். அது மெல்லிய பசும்படலமாய் இறுகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காத்து நிற்கும். உப்பு மிகுந்த இடத்தில் மட்டும் வேறொரு பசுந்துகள் தோன்றி உலோகத்தை அரிக்கும்.

திருவெண்காட்டில் 1011இல் எழுந்தருளுவிக்கப்பெற்ற இடபவாகன தேவர், பின்னாளில் மண்ணுள் மறைந்து, 1950களில் வெளிப்பட்டார். இப்பொழுது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளார். அவர் சாய்ந்து நின்ற ஏறு கிடைக்கவில்லை. ஏற்றின்மீது ஊன்றிய திருக்கை வெறுவெளியிற் கிடக்க, தலைப்பாகைபோற் சுற்றிய சடையும் இதழோரக் குறுநகையும் இன்றும் தெளிவாய் விளங்குகின்றன.