பழைய கார்களின் நீர்க்குளிர்விப்பும் துருநீக்கலும்

கார் இஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பங்கு புகையோடு போய்விடும். இன்னொரு பங்கை, இஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் எடுத்துச் சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விடுகிறது. அந்த நீர் வார்ப்பிரும்பு, தாமிரம், பித்தளை, ஈயப்பற்று, சில கார்களில் அலுமினியம் என்று பல உலோகங்களைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. ஆகவே துருப் பிடிப்பதும், அந்தத் துருவைக் கழுவி எடுப்பதும் காரோடு சேர்ந்தே பிறந்த வேலைகள் ஆகும்.

தொடக்ககால அமைப்புகள்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்றைய பொருளில் ரேடியேட்டர் கிடையாது. நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்லும். குறைந்த நீரை ஓட்டுபவர் மீண்டும் ஊற்ற வேண்டும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை இந்த வண்டியில் சென்றபோது, வழியெங்கும் கிடைத்த நீரை நிரப்பிக்கொண்டே போக நேர்ந்தது.

இந்த நிலையை மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். அவர் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் இடம்பெற்றது. 6 மில்லிமீட்டர் பக்க அளவுள்ள 8,070 சதுரக் குழாய்கள் அதில் இருந்தன. குழாய்களுக்குள் காற்று போகும். அவற்றுக்கு இடைப்பட்ட சந்துகளில் நீர் ஓடும். குறைந்த நீரைக் கொண்டே பெரிய இஞ்சினைக் குளிர்விக்க முடிந்தது. ஆனால் நீர் செல்லும் வழி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு எளிதாக அது அடைபடும். ரேடியேட்டர் அடைப்பு என்னும் தொல்லைக்கு இந்தச் சிறந்த கண்டுபிடிப்பே வழிவிட்டது எனலாம்.

ஃபோர்டின் டி மாடல் கார்களில், முதலில் வந்த சிலவற்றைத் தவிர, தண்ணீர் பம்ப்பே இல்லை. சூடான நீர் இலேசாகி மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே நீர் சுற்றியது. அந்த மெதுவான ஓட்டத்தில் துருத்தூளும் சேறும் அடியில் தங்கிவிடும்.

உறைநீரும் கிளைக்காலும்

குளிர் நாடுகளில் வேறொரு ஆபத்து இருந்தது. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். இஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும். இதைத் தடுக்க உப்புக் கரைசல்களை ஊற்றிப் பார்த்தார்கள். அவை உறைவதைத் தடுத்தன, ஆனால் உலோகத்தை அரித்தன. சாராய வகைகள் அரிக்கவில்லை; ஆனால் வெயிலிலும் ஏற்றத்திலும் ஆவியாகிப் போயின. 1927-இல் அமெரிக்காவில் எத்திலீன் கிளைக்கால் 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இது எளிதில் ஆவியாகாது. ஆனால் நாட்பட்டால் இதுவே சிதைந்து அமிலமாக மாறும் என்பதால் அரிப்புத் தடுப்பான்களையும் கலக்க வேண்டியதாயிற்று.

நீரே வேண்டாம் என்று முடிவுகட்டிய முயற்சியும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சார்லஸ் கெட்டரிங், தாமிரத் தகடுகள் கொண்டு காற்றால் குளிரும் செவ்ரோலே காரை உருவாக்கினார். 1923-இல் 759 கார்கள் செய்யப்பட்டன. ஓட்டத்தில் கடும் சூடேறியதால் விற்ற கார்களையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. துருவோடு வாழ்ந்தாலும் நீர்தான் வசதி என்று அந்நிறுவனம் திரும்பி வந்தது.

துருவும் உப்பும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். பழைய கார்களில் ரேடியேட்டரின் மேல்தொட்டி பாதி காலியாகவே இருக்கும்; பம்ப்பின் தேய்ந்த அடைப்பு வழியாகவும் காற்று உள்ளே இழுக்கப்படும். எனவே இரண்டும் எப்போதும் கிடைத்தன. இதோடு கடின நீரின் உப்பும் சேரும். நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் இதுவே. துருவும் உப்பும் வெப்பத்தை எளிதில் கடத்தா. ரேடியேட்டர் நிறைய நீர் இருந்தும் சிலிண்டர் அருகே இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறுவது இதனால்தான். கவனிக்காமல் விட்டால் கேஸ்கெட் எரியும், சிலிண்டர் ஹெட் வளையும், சில சமயம் பிளாக்கே விரிசல் விடும்.

இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய இரு கார்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடரின் பழைய 1,489 சி.சி. இஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. பிரீமியர் பத்மினியிலோ பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் இருந்தால் அது ஒரு சிறு மின்கலம் போலாகி, அலுமினியம் முதலில் அரிபடும். ஆகவே தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றி ஓட்டிய இரு வண்டிகளில் ஒன்று துருவால் அடைபட்டது, மற்றொன்று ஹெட்டில் குழிவிழுந்து கெட்டது. ஒரே தவறுக்கு இரண்டு நோய்.

கழுவும் முறைகள்

மிகப் பழைய முறை சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, வடித்துவிடுவது. எண்ணெய்ப் பிசுக்கும் இளகிய சேறும் இதில் போகும். கெட்டித் துரு போகாது. காரக் கரைசல் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அம்பாசிடருக்குச் சரியான இந்த வைத்தியம் பத்மினிக்கு ஆகாது.

அடுத்து வந்தது அமில முறை. ஆக்சாலிக் அமிலம் இரும்புத் துருவைக் கரைக்கும். வேலை முடிந்ததும் சோடாவால் அமிலத்தை முறித்து, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். இதற்காகவே அமிலத்தூளும் முறிப்புத்தூளும் தனித்தனியாக, இரட்டைப் பொட்டலமாக மேலைநாடுகளில் விற்றார்கள். முறிப்பை விட்டுவிட்டால், துருவைத் தின்ற அமிலம் மீதி உலோகத்தையும் தின்னத் தொடங்கும். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு ஆதலால் பிற்காலத்தில் பலர் சிட்ரிக் அமிலத்துக்கு மாறினர். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவது மருத்துவம் அல்ல, கொலை.

மருந்துக்கு மசியாத அடைப்புக்கு எதிர்த்திசைக் கழுவல் உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு மாறாகக் குழாய் நீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். பிளாக்கின் பின்கோடியில் நீரோட்டம் குறைவு. பெரும்பாலும் சேறு தங்குவது அங்கேதான். அந்தச் சேற்றில் துருவோடு, வார்ப்படம் செய்த நாளில் உள்ளே தங்கிய மணலும் கிடைப்பதுண்டு. பக்கவாட்டிலுள்ள மூடித் தகடுகளைக் கழற்றிக் கம்பியால் கிளறினால் தவிர அது வெளிவராது. தாமிர, பித்தளை ரேடியேட்டரானால் பட்டறையில் மேல்தொட்டியின் பற்றை உருக்கி எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி செலுத்தி மீண்டும் பற்றவைப்பார்கள். இன்றைய பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இதற்கு இடமில்லை.

வேலைக்கு முன் இஞ்சின் முழுதும் ஆற வேண்டும். மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் உள்ளிருக்கும் நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். வடித்த கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் பூனையும் நக்கி இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு என்பதால், அதைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்கக் கூடாது.

1990-களில் கரிம அமிலங்களைத் தடுப்பானாகக் கொண்ட நீண்டநாள் திரவங்கள் பரவின. இவை புதிய கார்களுக்காக உருவானவை. ஈயப்பற்று மிகுந்த பழைய ரேடியேட்டருக்கு, அதன் தயாரிப்பாளர் சொன்ன பழைய வகைத் திரவமே பாதுகாப்பானது. நிறத்தை மட்டும் பார்த்து இரு வகைகளைக் கலப்பதும் தவறு.

நெடுநாள் துருப்பிடித்த அமைப்பைக் கழுவியபின் புதிதாக ஒழுகத் தொடங்குவது உண்டு. கழுவியவர்மேல் பழி விழும். உண்மையில் ஓட்டை முன்பே இருந்தது; அதுவரை அதை அடைத்துக்கொண்டிருந்தது துருதான்.