கடல் கடந்த மென்பொருள் பணி: அன்றும் இன்றும்

அமெரிக்க நிறுவனங்களுக்கு இந்தியாவில் இருந்தபடியே மென்பொருள் எழுதுவது 1980-களில் எளிதாக இல்லை. கணினியை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். தொலைபேசி இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பொறியாளர்களையே விமானத்தில் அனுப்பினார்கள்.

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் இணைப்புடன் பெங்களூருக்கு வந்தது. 1991-ல் மத்திய அரசு அமைத்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் சிறு நிறுவனங்களுக்கும் அந்த வசதியைக் கொடுத்தன. 1994-ல் சென்னையில் காக்னிசன்ட் தொடங்கியது.

இணைப்புச் சிக்கல் தீர்ந்தது. புரிதல் சிக்கல் தீரவில்லை. காலையில் இங்கே எழும் சந்தேகத்தைக் கேட்க, நியூயார்க்கில் அலுவலகம் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் அப்போது நமக்கு இரவு ஏழரை மணி. காத்திருக்காமல் ஊகித்து எழுதினால், பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுத நேரும்.

ஆகவே நிரல் எழுதக் கற்கும் நாம், தயங்காமல் கேள்வி கேட்கவும் கற்க வேண்டும்.