திருப்பாவையும் இராகக் கோவையும்

ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைத்த வர்ணமெட்டுக்களைத் தனித்தனிப் பாட்டுக்களுக்கு ஏற்பட்ட தனித்தனி அலங்காரங்களாகவே நம்மவர் பலரும் கருதிவருகின்றனர். ஆனால் அவை ஒரே திட்டத்தில் எழுந்த ஒரு கோவை என்பதும், அத்திட்டமே நூலுக்கு அவர் நாதத்தால் இயற்றிய வியாக்கியானம் என்பதும் என் துணிபு.

முதல் ஐந்து பாசுரங்களின் இராகங்களைப் பார்த்தால் இது விளங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராக பஞ்சகத்தை, தியாகராஜ சுவாமிகள் தம் பஞ்சரத்தினங்களில் கையாண்ட அதே வரிசையில் அவர் நிறுத்தியிருக்கிறார். தோழியரை நோன்புக்கு அழைப்பதும், அதன் நியமங்களைச் சொல்வதும், மழையை வேண்டுவதும், மாயனைப் பாடித் துதிப்பதுமாகிய பாயிரப் பகுதி அந்த ஐந்தாம் பாசுரத்தோடேதான் நிறைவுறுகிறது. உறங்கும் பெண்களை ஒவ்வொருவராக எழுப்பும் பகுதி ஆறாவதில் தொடங்க, இசையும் அங்கே கனராக வரிசையை விட்டுச் சங்கராபரணத்தில் புதிதாக அடியெடுத்து வைக்கிறது. நூலின் சந்தியும் இராகத்தின் சந்தியும் இவ்வாறு ஓரிடத்தில் பொருந்துவதைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

மேல்நாட்டிலும் இத்தகைய கோவைகள் உண்டு. ஆனால் கவிஞர் ஹைனேயின் கவிதைகளைக் கொண்டு 1840-இல் கீதமாலை புனைந்த ஜெர்மானிய இசையமைப்பாளராகிய ஷூமான், பெருந்தொகுதி ஒன்றிலிருந்து தாம் விரும்பியவற்றைத் தெரிந்தெடுத்து, 20 பாடல்களுக்கு இசையமைத்து, அவற்றுள்ளும் 16-ஐ மட்டுமே 1844-இல் வெளியிட்டார். பாராயண நூலைக் கையில் கொண்ட அரியக்குடியாருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பாசுரங்கள் யாவும் எட்டடிக் கொச்சகக் கலிப்பா, யாவற்றுக்கும் ஈற்றுத்தொடர் ஒன்றே. ஆகவே, வேற்றுமை காட்டும் பொறுப்பின் பெரும்பகுதி இராகத்தின்மேல் விழுந்தது.

முதலடியைப் பல்லவியாக்கி மீண்டும் மீண்டும் அதற்குத் திரும்புவதால், ஈற்றுத்தொடரில் சென்று முடியவேண்டிய வாக்கியத்தின் வேகம் குன்றுகிறது என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. எனினும், கதவு திறவாத தோழியை மறுபடி மறுபடி அழைக்கும் பாசுரங்களில் அந்தத் திரும்புதலே பாவத்துக்கு உயிராகிவிடுகிறது. வேண்டுகோள் படிப்படியாக வளர்ந்து செல்லும் பிற்பகுதிப் பாசுரங்களில்தான் குறை தெரிகிறது.

முடிவில், நோன்பின் உட்பொருளை வெளியிடும் 29-ஆம் பாசுரம் மத்தியமாவதியிலும், கவி தன் பெயரைக் கூறிப் பயன் சொல்லும் 30-ஆம் பாசுரம் சுருட்டியிலும் அமைந்திருக்கின்றன. இரண்டும் கச்சேரியை மங்களமாக நிறைவு செய்யும் இராகங்கள். கச்சேரி பத்ததியை வகுத்தவர் என்று போற்றப்படும் வித்துவான், நூல் முழுவதையும் ஒரு பெருங்கச்சேரியாகவே கண்டிருக்கிறார். இன்றோ ஏதேனும் ஒரு பாசுரம் துக்கடாக்களுக்கு நடுவே பாடப்பட்டு மறைகிறது. மார்கழியில் ஒரு சபையேனும் 30 பாசுரங்களையும் ஒரே அமர்வில், வரிசை பிறழாமல் பாடச் செய்யுமானால், ஆறாவதில் நிகழும் அந்தத் திருப்பத்தை ரசிகர்கள் தம் செவியாலேயே உணர்வர்.