கார்னருக்கு ஆள் வேண்டும்

சம்பா அறுப்பு முடிவதற்கு முன்பே வயலில் உளுந்து தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படித் தெளிக்காமல் ஒரு துண்டு வயலை மட்டும் விட்டுவைப்பார்கள். அதுதான் கபடிக்கான இடம். அறுப்பு முடிந்ததும் அரிதாளை மண்வெட்டியால் செதுக்கி எடுப்போம். இரண்டு நாள் தண்ணீர் தெளித்து, கட்டி தட்டி, ஆற்று மணலைத் தூவுவோம். காவிரி வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பில் கட்டைவிரல் மாட்டினால் நகம் போய்விடும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. சுண்ணாம்பில் கோடு போட்டு, நான்கு மூங்கில் நட்டு, குழல்விளக்கு கட்டினால் ஆட்டம் விடிய விடிய நடக்கும்.

நான் அந்தக் களத்தில் இறங்கியது 1983 தை மாதம். வயது பதினேழு. மாயூரம் என்ற பெயர் மயிலாடுதுறை என்று மாறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, பேருந்தில் நடத்துநர் இரண்டு பெயரையும் சொல்லிக் கூவிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் லெப்ட் கார்னர். முப்பத்து நான்கு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் என்னைக் கார்னர் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

கார்னர் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் நிற்கும் வரிசையில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர்கள். பாடி வருகிறவன், அதாவது ரைடர், காலை நீட்டித் தொடப் பார்ப்பது அவர்களைத்தான், அவன் கணுக்காலைப் பிடிக்கப் பாய்வதும் அவர்கள்தான். ஆனால் கார்னர் தனியாகப் பிடித்தால் பத்தில் ஏழு தடவை வந்தவன் உதறிவிட்டுக் கோட்டைத் தொட்டுவிடுவான். கார்னர் காலைப் பிடித்த அந்த நொடியில் வரிசையின் உட்பக்கம், கவரில் நிற்பவன் இடுப்பில் மோத வேண்டும், எதிர்க் கார்னர் கோட்டுக்கும் அவனுக்கும் நடுவே வந்து அடைக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் செய்ய நேரமிருக்காது. பக்கத்தில் நிற்கிறவன் மூச்சை இழுக்கும் விதத்திலேயே அவன் பாயப் போகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வர ஒரு ஜோடிக்கு இரண்டு வருஷமாவது ஆகும். என்னுடைய ஒரே கட்சி இதுதான். கீழே சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் ஊர் செட் முதல் நான்கு வருஷம் எந்தத் தொடரிலும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. பனியன் வாங்கிக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை ஒருவன், கோயில் காரியம் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் என்று நான்கு இடம் முன்பே நிரம்பிவிடும். மிச்சம் மூன்று இடத்துக்குத்தான் ஆட்டம் தெரிந்தவர்களைப் பார்ப்பார்கள். அப்போது சுற்றுவட்டாரத்திலேயே நல்ல ரைட் கார்னர் எங்கள் ஊரின் காலனித் தெருவில் இருந்தான். நாற்று பறிக்கப் போகிற கை, பிடித்தால் விடாது. அவன் கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எடுக்கலாம் என்று நானும் முதல் மூன்று வருஷம் வாயைத் திறந்து கேட்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

1987இல் எங்கள் கார்னர் பையனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. வேறு ஆள் இல்லாமல் அவனைக் கூப்பிட்டோம். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நாங்கள் இருவரும் ஜோடி. தெருவில் என்னைப் பார்த்தால் “வாங்க, போங்க” என்பான். கோட்டுக்குள் வந்துவிட்டால் “டேய், உள்ள வாடா, விடாத!” என்று கத்துவான். அந்த “டேய்” எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆறு வருஷத்தில் மூன்று சுழற்கோப்பையும் கணக்கில்லாத பித்தளை அண்டாவும் வந்தன. பாடிப் போவதற்கு எங்களிடம் பெரிய ஆள் யாரும் இல்லை. எதிராளியைப் பிடித்துப் பிடித்தே ஜெயித்தோம்.

பரிசுத் தொகை ஏற ஏறக் காசு ஆள் வந்தான். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வெளியூரிலிருந்து ரைடரைக் கூட்டிவரும் வழக்கம் டெல்டா முழுவதும் தொண்ணூறுகளில் பரவியது. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான், பெயரைச் சொன்னதுமே கூட்டம் கை தட்டும். முதல் ஆட்டத்தில் எட்டுப் புள்ளி எடுப்பான். அரையிறுதியில் அவனை எதிராளி பிடித்து வெளியே உட்கார வைத்ததும், மீதி ஆறு பேருக்கும் யார் எங்கே நிற்பது என்றே தெரியாது. எத்தனை ஊர் இப்படித் தோற்றதைப் பார்த்திருக்கிறேன்! பிற்பாடு சில தொடர்களில் ‘ஊர் ஆட்கள் மட்டும்’ என்று துண்டறிக்கையிலேயே போட ஆரம்பித்தார்கள். விளையாட்டு நன்றாக இருக்க வேண்டுமென்ற கவலைதான் அந்த விதியைப் போட வைத்தது.

2014இல் புரோ கபடி தொடங்கியது. மண்ணில் வெறுங்காலோடு விழுந்து எழுந்த ஆட்டம் ரப்பர் விரிப்புக்கும் காலணிக்கும் முப்பது விநாடிக் கடிகாரத்துக்கும் போனது. மயிலாடுதுறை ராஜன் தோட்டத்தில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பயிற்சி மையத்துப் பக்கம் சாயங்காலம் நடக்கப் போனால், பையன்கள் அதுவரை சொல்லாத பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஆடுவார்கள். அப்போது தமிழ்நாட்டுக்கு அணி கிடையாது. ஆனால் எங்களுக்கு ஆள் இருந்தார். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன்.

2016 ஜூலை 31, ஹைதராபாதில் நான்காவது சீசனின் இறுதி ஆட்டம். ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று பாட்னா கோப்பையைத் தூக்கியபோது அதன் தலைவர் சேரலாதன். வயது 41. அந்த அணியில் புள்ளிகளைக் குவித்த பர்தீப் நர்வாலுக்கு இருபது நிரம்பவில்லை. சிறுவன் பாடிப் போவான், பெரியவர் பின்னால் நின்று பிடிப்பார். அந்த ராத்திரி எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள்.

மறு வருஷம் ஐந்தாவது சீசனுக்கு நான்கு புது அணிகள் வந்தன. அதில் ஒன்று தமிழ் தலைவாஸ். சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர். சேரலாதனை எடுப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டாத குறை. அவர் புனே அணிக்குப் போனார். அடுத்து மும்பை, பிறகு ஹரியானா அணியின் தலைவர், பிறகு ஜெய்ப்பூர். ஆட்டக்காரராக அவர் தலைவாஸ் பனியனை ஒருமுறையும் போடவில்லை. ஏலத்தில் வயதைப் பார்த்திருப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் மும்பையில் அவர் ஈரானின் ஃபசல் அத்ராச்சலியோடு சேர்ந்து நின்று பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

தலைவாஸ் எடுத்த பெரிய பெயர் அஜய் தாக்கூர். இமாசலத்துக்காரர், அருமையான ரைடர். 2017, 2018 இரண்டு சீசனிலும் 200 புள்ளிக்கு மேல் எடுத்தார். அந்த இரண்டு சீசனிலும் தலைவாஸ் அதன் பிரிவில் கடைசி. முதல் வருஷம் அஜய்க்குத் துணையாக நன்றாகப் பாடிய தமிழ்நாட்டுப் பையன் பிரபஞ்சன் அடுத்த வருஷமே குஜராத்துக்குப் போய், அந்த அணியோடு இறுதி ஆட்டம் வரை சென்றார். மூன்று வருஷம் கழித்து அவரை 71 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அதற்கடுத்த வருஷம் அவர் ஹரியானாவில்.

2019 தான் என்னால் மறக்க முடியாத சீசன். அஜய் தாக்கூரும் மஞ்சித் சில்லரும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களோடு ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள், மோஹித் சில்லரும் ரன் சிங்கும் வந்தார்கள். பட்டியலைப் பார்த்த என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டு, “சார், இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்” என்றான். எனக்கோ நான்கு வருஷத்துக்கு முந்தைய பட்டியலைப் படிப்பதுபோல இருந்தது. பெரும்பாலோர் இந்திய அணிக்கே ஆடியவர்கள், ஆனால் அவர்களுடைய நல்ல வருஷங்கள் பெரும்பாலும் வேறு பனியனில் கழிந்துவிட்டன. பக்கத்தில் நிற்கிறவன் மூச்சு யாருக்கும் பழக்கமில்லை. அஜய் காயம்பட்டார், பயிற்சியாளர் பாஸ்கரன் பாதி சீசனில் விலகினார். 22 ஆட்டத்தில் வெற்றி நான்கு, பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாம் இடம்.

குத்தாலம், செம்பனார்கோயில் பக்கத்துக்காரர்களுக்கு ஏலம் என்பது புதிது இல்லை. விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் வருஷா வருஷம் நடக்கிறது. பஞ்சைப் பிய்த்து, இழையை விரலில் இழுத்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை எழுத மாட்டார். போன வருஷம் இந்தக் கொல்லையில் நல்ல பருத்தி விளைந்தது என்பதற்காக இந்த வருஷம் கூடுதல் விலை போடுவார்களா? ஆள் ஏலத்தில் அதுதான் நடக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு, கூட்டமே இல்லாமல் பெங்களூரில் நடந்த எட்டாவது சீசனில் தலைவாஸுக்குப் பதினோராம் இடம். வெளியே பார்த்தால் அதுவும் தோல்விதான். ஆனால் அந்த சீசனில் சாகர் ராட்டி என்ற பையன் கார்னரில் வளர்ந்துகொண்டிருந்தான். நான் பேப்பரில் புள்ளி அட்டவணையை விட்டுவிட்டு அவன் பிடித்த கணக்கை மட்டும் குறித்து வைத்தேன்.

2022 ஏலத்தில் ரைடர் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அன்றைக்கு அது லீக்கின் உச்ச விலை. ஒரு அணிக்கு ஆள் எடுக்க இருந்த மொத்தப் பணம் 4 கோடியே 40 லட்சம், அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. அக்டோபர் 8, குஜராத்தோடு முதல் ஆட்டம், முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்கால் போய்விட்டது. அதோடு அவருக்கு அந்த சீசன் முடிந்தது. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. விலை குறைந்த பையன்கள் மட்டும் மிஞ்சினார்கள். பாதி வழியில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் அவர்களையே நிறுத்தி ஆடவைத்தார். இரண்டு கார்னரிலும் சாகரும் சாஹில் குலியாவும், கவரில் வேறொரு மோஹித்தும் தமிழ்நாட்டு அபிஷேக்கும். முதல் சீசன் ஆடிய நரேந்தர் 243 ரைடு புள்ளி எடுத்தான். டிசம்பர் 13 அன்று யூபி யோத்தாஸோடு 36-36 என்று சமன் ஆகி, டை-பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தபோது தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதியில் நின்றது. அங்கே புனேயிடம் இரண்டு புள்ளியில் தோற்றார்கள். எனக்கு வருத்தமே வரவில்லை. அந்தப் பையன்களில் பாதிக்கு மேல் ஹரியானாக்காரர்கள், மண்ணின் மைந்தன் கணக்கு பார்த்தால் அந்த அணி நம்முடையதே இல்லை. ஆனால் நான் அறுவடை வயலில் பார்த்த கபடி அது, ஒருவன் பாய்ந்தால் மற்ற மூன்று பேரும் கூடவே பாய்ந்தார்கள்.

அடுத்த சீசன் ஒன்பதாம் இடம். 2024இல் ரைடர் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு வாங்கினார்கள், மறுபடியும் ஒன்பதாம் இடம். 2025இல் பவன் மறுபடி வந்து தலைவராகி, சில ஆட்டங்களிலேயே அணியை விட்டுப் போனார். 2022இன் கார்னர் ஜோடி சிதறிவிட்டது. ஒரு ரைடர் போனால் அடுத்த ஏலத்தில் இன்னொரு ரைடர் கிடைப்பான், பழகிய ஜோடியை எந்த ஏலத்திலும் விற்பதில்லை.

2024 சீசனில் ஒரு காட்சி கிடைத்தது. பயிற்சியாளர் உதயகுமாரோடு தலைவாஸ் பெஞ்சில் சேரலாதன் உட்கார்ந்திருந்தார். அணி ஆரம்பித்து ஏழு வருஷம் கழித்து, காவிரிக்கரைக்காரர் ஒருவழியாக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார், கோட்டுக்கு வெளியே.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தான். தமிழ்நாடு அரசு அவனுக்கு 25 லட்ச ரூபாய் கொடுத்தது. செய்தி வந்த மறுநாள் எங்கள் ஊர்ப் பையன்கள் வந்து, பொங்கலுக்குத் தொடர் நடத்த வேண்டும், நான் நடுவராக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வடுவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ ஒரு ரைடரைக் கூட்டிவரலாம், காசு சேர்த்துவிட்டோம் என்றும் சொன்னார்கள்.

“கார்னர் யாரு?” என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருவன், என் பழைய ஜோடியின் பேரன், முன்னே தள்ளப்பட்டான். எந்தப் பக்கம் நிற்பாய் என்று கேட்டேன். “ரைட்டு சார்” என்றான். லெப்டுக்கு ஒருவனை நான் காட்டினேன். ரைடருக்குச் சேர்த்த காசில் மணல் அடிக்கச் சொல்லிவிட்டு, இருவரையும் மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு வயலுக்கு வரச் சொன்னேன்.